ஊசியும் துஆவும்

குழந்தைப் பேற்றை எதிர்பார்த்திருக்கும் தம்பதியர் அக்குபங்சர் செய்துகொள்ளலாமா என்று மதரஸாவில் நம்மிடம் வினவுகின்றனர். நோய்க்கு மருந்து தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள். ஹராமான பொருளோ இணைவைப்போ கலவாத சிகிச்சை ஆகுமானதே.

ஆனால் ஆகுமானதெல்லாம் பயன் தந்துவிடுவதில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஐ.வி.எஃப். சிகிச்சை பெற்ற 848 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், அக்குபங்சர் பெற்றவர்களுக்கும் தோலைத் துளைக்காத போலி ஊசி வைக்கப்பட்டவர்களுக்கும் குழந்தைப் பேற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மன அமைதிக்காகச் செய்துகொள்வோரை நாம் தடுக்கவில்லை. அதை நம்பி மருத்துவப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதையே தவறு என்கிறோம்.

அதனினும் பெரிய தவறு நம் வீடுகளில் நிகழ்கிறது. மருமகள் மட்டும் ஊசிக்கும் கஷாயத்துக்கும் அலைக்கழிக்கப்படுகிறாள். மகனின் விந்தணுப் பரிசோதனை பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. குறை ஆணிடமும் இருக்கலாமே! பிள்ளை வேண்டி துஆச் செய்த ஸகரிய்யா (அலை) அவர்கள், மனைவியின் மலட்டுத்தன்மையை மட்டும் கூறவில்லை. தம் முதுமையையும் தளர்ச்சியையும் சேர்த்தே முறையிட்டார்கள்.

ஆகவே ஓராண்டு கடந்தும் கரு தரிக்கவில்லையெனில், கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே மருத்துவரிடம் செல்லட்டும். சேர்ந்தே துஆவுக்குக் கையேந்தட்டும். வழங்குபவன் அல்லாஹ் ஒருவனே.