பிப்ரவரி 30

வருட வரவு செலவுக்கு ஜாவாவில் 12 வரிசை, வரிசைக்கு 31 கட்டம் என்று பெட்டி மாதிரி அணி போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும். சாதாரண வருடத்தில் 372 கட்டங்களில் 7 வீண். அது கிடக்கட்டும், காசா பணமா? பிப்ரவரி 30 அல்லவா பூஜ்யத்தோடு உட்கார்ந்திருக்கிறது! சராசரி போடும்போது அதுவும் பந்தியில் வந்து உட்காரும். ஜாவாவில் இருபரிமாண அணி என்பதே அணிகளின் அணிதான். ஒவ்வொரு வரிசையும் தனிக்குடித்தனம். அணியை உருவாக்கும்போது இரண்டாவது சதுர அடைப்பைக் காலியாக விட்டு, மாதத்துக்கு மாதம் 31, 28, 31 என்று அளந்து கொடுத்தால் போதும். கொடுக்க மறந்த வரிசையைத் தொட்டால் நல்பாயின்டர் எக்செப்ஷன். உள் லூப்பில் 31 என்று எழுதாமல் அந்தந்த வரிசையின் லெங்த்தைக் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை, பிப்ரவரி 29-ஐத் தேடிப்போய் புரோகிராம் படுத்துவிட்டது.