எட்டு வாரக் கடன்

நாய்க்குட்டிகளுக்கு 'அழகு' என்ற சொல் இழைத்த தீங்கை வேறெந்தச் சொல்லும் இழைக்கவில்லை. உள்ளங்கையில் அடங்கினால்தான் அழகு. அடங்கும் பருவத்திலேயே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இந்த ஆசைக்காகவே நம் ஊரில் முப்பதாம் நாளிலும் முப்பத்தைந்தாம் நாளிலும் குட்டிகள் தாயிடமிருந்து பிரிக்கப்படுகின்றன. வாங்குபவர் மகிழ்கிறார். கொடுப்பவர் பாரம் குறைந்ததென்று நிம்மதி கொள்கிறார். இரண்டு நாள் மூலைமூலையாய் முகர்ந்து தேடும் தாய் நாயின் கணக்கை யாரும் எழுதுவதில்லை.

இந்த வழக்கம் தவறு என்பது என் முதல் வாதம். எட்டு வாரம் வைத்து வளர்க்க இயலாதவருக்குத் தம் நாயை ஈனவிடும் உரிமையே கிடையாது என்பது இரண்டாவது வாதம். கடுமையாகப் பேசுகிறான் என்று தோன்றினால், முழுவதும் படித்தபின் திட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களின் இளமைப் பெயர்களை வகுத்துச் சொல்லும் இடத்தில் நாய், பன்றி, புலி, முயல் நான்கின் இளமைக்கும் 'குருளை' என்று ஒரே பெயரைத் தருகிறது. புலியின் இளமைக்கும் நாயின் இளமைக்கும் ஒரே சொல்லை வழங்கிய மொழி இது. இளமை என்பது தனக்கென ஒரு பெயரும் முறையும் கொண்ட பருவம் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. நாமோ அந்தப் பருவத்தைப் பொம்மைக்கடைச் சரக்காக்கிவிட்டோம்.

முதலில் அந்தப் பருவத்தில் நடப்பது என்னவென்று பார்ப்போம். ஏறத்தாழ அறுபத்து மூன்று நாள் சினைக்குப் பிறகு பிறக்கும் குட்டிக்குக் கண் திறந்திருக்காது, காது கேட்காது. தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறனும் அதற்கில்லை. தாய் நக்கிவிட்டால்தான் அது சிறுநீரும் மலமும் கழிக்கும். முதல் நாளின் சீம்பாலில்தான் நோயெதிர்ப்பின் பெரும்பகுதி அதற்குக் கிடைக்கிறது. அந்த முதல் நாளைத் தவறவிட்ட குட்டிக்குப் பின்னர் ஊட்டும் எந்தப் பாலும் அதை ஈடுசெய்யாது.

குளிர்ந்துபோன குட்டிக்கு உடனே பால் புகட்டுவது பலரும் நல்லெண்ணத்தோடு செய்யும் கொலை. சூடு தணிந்த உடலில் குடல் இயங்காது. புகட்டிய பால் செரிக்காமல் தங்கும், அல்லது நுரையீரலுக்குள் போகும். முதலில் மெல்லச் சூடேற்ற வேண்டும், பிறகே பால். அந்தப் பாலும் வெறும் பசும்பாலாக இருக்கக் கூடாது. நாயின் பாலில் பசும்பாலைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு புரதமும் கொழுப்பும் உண்டு. பசும்பாலில் அதிகமுள்ள பால்சர்க்கரை குட்டிக்கு வயிற்றுப்போக்கைக் கொடுக்கும். ஒவ்வொரு குட்டியின் கழுத்திலும் ஒரு நிறத்தில் நூல் கட்டி, அடுக்களைத் தராசில் அன்றாடம் எடை பார்த்துக் குறித்து வைப்பதைவிடச் சிறந்த மருத்துவம் முதல் வாரத்தில் இல்லை. பிறந்த எடை ஏழிலிருந்து பத்து நாளுக்குள் இரு மடங்காக வேண்டும். ஒரு நாள் எடை ஏறவில்லையென்றால் கவனிக்க வேண்டும். இறங்கினால் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும்.

பத்து முதல் பதினான்கு நாளில் கண் திறக்கிறது. அடுத்த சில நாளில் காது திறக்கிறது. மூன்றாம் வாரத்தில் தள்ளாடி நடந்து, பால்பல் முளைத்து, உடன்பிறந்ததின் காதைக் கடிக்கத் தொடங்குகிறது. நம்மவர்கள் 'கண் திறந்துவிட்டது, நடக்கிறது, சோறு நக்குகிறது, இனி என்ன?' என்று கேட்பது இந்த இடத்தில்தான். இதற்குப் பிறகுதான் எல்லாமே என்பது என் பதில்.

நான்காம் வாரத்துக்கும் எட்டாம் வாரத்துக்கும் இடையில் ஒரு குட்டி எதைக் கற்கிறது? தான் கடித்தால் வலிக்கும் என்பதைக் கற்கிறது. உடன்பிறந்ததை அழுத்திக் கடித்தால் அது வீறிட்டு விலகும், ஆட்டம் நின்றுபோகும். தாயின் மடியைக் கடித்தால் தாய் உறுமி எழுந்து போய்விடும். நூறு முறை இப்படி நடந்த பிறகே வாயின் வலுவை அடக்கும் பழக்கம் அதற்கு வருகிறது. இதை எந்த மனிதராலும் அத்தனை துல்லியமாகக் கற்பிக்க முடியாது. முப்பதாம் நாளில் பிரித்த குட்டி ஆறாம் மாதத்தில் குழந்தையின் கையைப் பதம்பார்க்கும்போது, 'இந்த நாய் சரியில்லை' என்கிறோம். பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் இழுத்துவந்தவர் யார் என்ற கேள்வி எழுவதில்லை.

இது என் கற்பனை அன்று. இத்தாலிய ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில் 140 நாய்களை ஒப்பிட்டார்கள். பாதி நாய்கள் முப்பது முதல் நாற்பது நாளுக்குள் பிரிக்கப்பட்டவை. மறுபாதி இரண்டு மாதம் தாயுடன் இருந்தவை. அதீதக் குரைப்பு, நடைப்பயிற்சியில் அச்சம், பொருள்களைச் சிதைத்தல் முதலியவை முன்னதில் கூடுதலாக இருந்தன. இதற்கு நெடுநாள் முன்பே அமெரிக்காவில் ஸ்காட்டும் ஃபுல்லரும் நாய்களின் வளர்ச்சிப் பருவங்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1965இல் நூலாக்கியிருக்கிறார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை நாயின் சமூக உறவுகள் உருவாகும் காலம் என்பது அவர்கள் காட்டியது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன்.

'சீக்கிரம் எடுத்தால்தான் நம்மிடம் ஒட்டும்' என்பது முதல் மறுப்பு. மனிதரோடு உறவு கொள்ளும் சன்னல் பன்னிரண்டாம் வாரம் வரை திறந்திருக்கிறது. எட்டாம் வாரத்தில் வரும் குட்டிக்கு இன்னும் ஒரு மாதம் மீதம் இருக்கிறது. தாயுடன் இருக்கும் நாள்களிலேயே அன்றாடம் கையில் எடுத்து, தடவி, மிக்ஸியின் இரைச்சலையும் குழந்தைகளின் கூச்சலையும் வாசலில் வருபவரின் குரலையும் பழக்கினால், அது நாயாகவும் வளரும், மனிதருக்கும் ஒட்டும். ஒன்றைப் பெற மற்றதைப் பறிக்கத் தேவையில்லை.

'ஒரு மாதத்தில் தாயே பால் கொடுப்பதை நிறுத்திவிடுகிறது' என்பது இரண்டாவது. நிறுத்துவதில்லை, குறைக்கிறது. பல் முளைத்த வாய்கள் மடியை ரணமாக்குவதால் எழுந்து போகிறது. கொஞ்ச நேரம் நின்றபடியே கொடுக்கிறது. பால்குடி மறக்கச் செய்வது ஒரே நாளில் நடக்கும் காரியம் அன்று. மூன்றரை வாரத்தில் குழைத்த உணவை நக்கவைத்து, ஏழெட்டு வாரத்தில் முழுதாய் மாற்றும் ஒரு மாத வேலை. தாய் பால் தருவதை நிறுத்தினாலும் தாயாக இருப்பதை நிறுத்துவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது மறுப்புதான் உண்மையானது: செலவு. எட்டுக் குட்டிகளுக்கு ஒரு நாளைக்கு நான்கு வேளை உணவு, இரண்டாம் வாரத்திலிருந்து இரு வாரத்துக்கு ஒரு முறை குடற்புழு நீக்க மருந்து, ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, மூன்று நான்கு முறை மாற்ற வேண்டிய சாக்கும் பழந்துணியும், தூக்கமில்லாத இரவுகள். இதையெல்லாம் தவிர்க்கத்தான் முப்பதாம் நாள் கண்டுபிடிக்கப்பட்டது. சாப்பாட்டுச் செலவு எகிறத் தொடங்கும் வாரமும், குட்டியைக் 'கொடுத்துவிடும்' வாரமும் ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. அன்பு என்ற பெயரில் நாம் செய்வது வரவுசெலவுக் கணக்கு.

அந்தக் கணக்கும் தப்பானது. தாயிடமிருந்து பெற்ற நோயெதிர்ப்பு வற்றிக்கொண்டிருக்கும், தடுப்பூசியின் எதிர்ப்பு இன்னும் ஊறாத இடைவெளியில்தான் பார்வோ புகுகிறது. பயணமும் புது வீடும் புதுத் தீனியும் தரும் அதிர்ச்சியோடு அந்த இடைவெளியில் தள்ளப்படும் குட்டி, இரத்த வயிற்றுப்போக்கில் மூன்றே நாளில் போய்விடும். வாங்கியவர் வீட்டுக் குழந்தை அழுகிறது. அடுத்த வாரம் இன்னொரு குட்டி வருகிறது, அதே கிருமி கிடக்கும் அதே மூலைக்கு. பார்வோ கிருமி வீட்டிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்று கொடுத்தவரும் சொல்லியிருக்க மாட்டார்.

'எங்கள் தாத்தா காலத்தில் இதெல்லாம் பார்த்தார்களா?' என்பது நான்காவது. பார்த்தார்களோ இல்லையோ, அக்காலத்தில் ஈன்ற நாய் வைக்கோற்போரின் அடியில் கிடந்தது. குட்டிகள் அதன் பின்னாலேயே திரிந்து வளர்ந்தன. பிரித்தெடுத்துப் பேருந்தில் அட்டைப்பெட்டிக்குள் அனுப்பும் ஏற்பாடு தாத்தாவுடையது அன்று, நம்முடையது. பழமையைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் அதை முழுதாய் அழைக்க வேண்டும். பிழைக்காத குட்டிகள் எத்தனை என்று அந்தத் தாத்தாவும் எண்ணியிருக்க மாட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது? 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு மற்றும் விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. நகரத்தின் எந்த ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் போய் நின்று பாருங்கள், அந்த விதி எங்கே இருக்கிறதென்று. விலங்கைப் பட்டினிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. சாக்கு விலையைவிடக் குறைவு.

சாக்கு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்த முழு விவகாரத்தின் அடியில் கிடக்கும் அழுக்கு அதற்குள்தான் இருக்கிறது. 'ஆண் குட்டி இருக்கிறதா?' என்பதுதான் வாசலில் வந்து நிற்பவரின் முதல் கேள்வி. பெண் குட்டி குட்டி போடும், தெரு நாய்கள் வாசலில் கூடும், தொல்லை. ஆகவே ஆண் குட்டிகள் வீடுகளுக்குப் போகின்றன. பெண் குட்டிகள் சாக்கில் கட்டப்பட்டு மீன்சந்தை ஓரத்திலும் கோயில் மதிற்புறத்திலும் ஊருக்கு வெளியே பாலத்தடியிலும் விடப்படுகின்றன. பிழைத்தவை ஓராண்டில் தாமே ஈனுகின்றன. தெருநாய்ப் பெருக்கம் என்று பெயர் வைத்து அப்போது நாம் நகராட்சியைத் திட்டுகிறோம்.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லிப் பகுதியின் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க ஆணையிட்டதும், பதினொரு நாளில் அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்தபின் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னதும் நினைவிருக்கும். வெறிகொண்டவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு. நாடே இரண்டு அணியாய் நின்று வாதாடியது. கடிபட்ட குழந்தைகளின் பெற்றோர் பேசியதில் நியாயம் இருந்தது. நாய்களுக்காகப் பேசியவர்களிடமும் நியாயம் இருந்தது. தெருவில் இருக்கும் நாயின் தாயோ பாட்டியோ யாரோ ஒருவர் வீட்டு வாசலில் ஈன்றிருக்கக்கூடும் என்பது மட்டும் அந்த இரைச்சலில் அதிகம் கேட்கவில்லை. நம் வீட்டுக் கதவைத் தாண்டிய கணத்தில் அது 'தெருநாய்' ஆகிவிடுகிறது.

நாட்டு இனப் பெருமை பேசுவோருக்கும் ஒரு சொல். இராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல்தலை வந்தது. சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் 2020இல் பிரதமரின் வானொலி உரையில் இடம்பெற்றன. மகிழ்ச்சி. அதற்குப்பின் அவற்றைத் தேடி வந்த கூட்டம், வேட்டைக்கு ஓடிய அந்த நெடுங்கால்களை அடுக்குமாடிப் பால்கனியில் கட்டிப்போட்டது. வெண்மைக்காகவே தேர்ந்து பெருக்கப்பட்ட இராஜபாளையக் குட்டிகளில் செவிடானவை பிறப்பதுண்டு. கையைத் தட்டினால் திரும்பிப் பார்க்கிறதா என்று சோதிக்கக்கூட ஐந்தாறு வாரம் உடன் வைத்திருக்க வேண்டும். முப்பதாம் நாளில் கைமாற்றுபவருக்கு அந்தக் கவலை எதற்கு?

ஆகவே என் கோரிக்கை எளியது. நாயை ஈனவிடுமுன் எட்டு வாரத்துக்கான இடமும் பணமும் நேரமும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கருத்தடை செய்துவிடுங்கள், அதில் பாவமில்லை. இருக்கிறதென்றால், ஈற்றில் விழுந்த ஒவ்வொரு குட்டிக்கும், பெண் குட்டிக்கும் நோஞ்சானுக்கும் சேர்த்து, நீங்களே பொறுப்பு. வாங்க வருபவரிடம் கேளுங்கள்: பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள்? வாடகை வீடா, வீட்டுக்காரர் சம்மதித்தாரா? மூன்றாம் மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி போடுவீர்களா? பெண் குட்டி என்றால் கருத்தடை செய்வீர்களா? முகம் சுளிப்பவருக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தவரிடமும் ஒரு வாக்குத் தாருங்கள்: முடியாமற்போனால் தெருவில் விடாதீர்கள், என்னிடமே கொண்டுவாருங்கள் என்று.

வாங்குபவர்களுக்கு அதனினும் எளிய கோரிக்கை. ஐம்பத்தாறாம் நாள் வரை காத்திருங்கள். அப்போது அது உள்ளங்கையில் அடங்காது. காது ஒருபக்கம் சாய்ந்து, கால் நீண்டு, வயிறு துருத்தி, நிழற்படத்துக்கு அவ்வளவு எடுப்பாக இருக்காது. நாயாக இருக்கும். அதைத்தான் நீங்கள் பன்னிரண்டு பதினைந்து ஆண்டுகள் வைத்து வாழப்போகிறீர்கள்.