ரத்தம் சொல்லுமா?

நம் அச்சங்குளம் பக்கத்தில் ஓயாத தலைவலியென்றால், பட்டாசு மருந்தின் நெடியென்று சொல்லிவிடுவது சுலபம். காலையில் வாந்தியும் பார்வை மங்கலும் சேர்ந்தால் சும்மா இருக்கலாகாது. சிறிது ரத்தத்தைக் கொண்டே மூளைக் கட்டியைக் கண்டுபிடித்துவிடலாமா என்று நம்மைச் சிலர் வினவுகிறார்கள்.

2012-ல் பம்பாய் ஐ.ஐ.டி. விஞ்ஞானிகள், கிளியோபிளாஸ்டோமா என்னும் கொடிய கட்டி கண்டவர்களின் ரத்தத்தை ஆராய்ந்தார்கள். ஹாப்டோகுளோபின் முதலிய சில புரதங்களின் அளவு மாறியிருக்கக் கண்டார்கள். மெச்சத்தக்க காரியந்தான். ஆனால் வேறு அழற்சிகளிலும் ஹாப்டோகுளோபின் ஏறுமே! திருடனுக்கு அடையாளம் கேட்டால், "மீசை வைத்தவன்" என்று சொல்வது போலத்தான் இது.

சிறுவர்க்கும் வாலிபர்க்கும் வரும் 'ஜெர்ம் ஸெல்' கட்டிகள் சிலவற்றில் மட்டும் ஆல்பா-பீட்டோபுரோட்டீன் ரத்தத்தில் மிகுந்து, கபாலத்தைத் துளைக்காமலே வைத்தியருக்கு வழி காட்டுகிறது. அப்பொழுதும் ஸ்கான் வேண்டும். ரத்தச் சீட்டு சரியாயிருக்கிறதென்று மதுரைக்குப் பஸ் கட்டணத்தை யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.