வருகிறவர் யார் என்று கேட்பது குற்றமா?

அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளைச் சீர்திருத்த வெளி அமைப்புகளைத் தேடிப்பிடித்துக் கொண்டுவர வேண்டும், யார் வந்தாலும் கதவைத் திறந்துவிட வேண்டும், கேள்வி கேட்கிறவர்கள் ஏழைப் பிள்ளைகளின் எதிரிகள். சென்ற இதழில் வெளியான கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். விவரம் அறியாமல் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கட்டுரையாளரோ அமெரிக்காவை உதாரணம் காட்டும் அளவுக்குப் படித்தவர். அந்த உதாரணத்தில் தனக்கு வசதியான பாதியை வைத்துக்கொண்டு மீதியை மறைத்திருக்கிறார்.

அவர் தூக்கிப்பிடிப்பது கேட்ஸ் அறக்கட்டளையை. பெரிய உயர்நிலைப் பள்ளிகளைச் சிறு பள்ளிகளாக மாற்ற, 2000-ஆம் ஆண்டு தொடங்கி அது ஏறத்தாழ 200 கோடி டாலர் செலவிட்டது உண்மை. அந்தப் பணம் சென்ற டென்வர் நகரத்து மேனுவல் உயர்நிலைப் பள்ளிக்கு நேர்ந்ததை ஏன் எழுதவில்லை? 2001-இல் அந்தப் பள்ளியை ஒரே கட்டடத்துக்குள் மூன்றாகப் பிரித்தார்கள். பிள்ளைகள் விலகிக்கொண்டே போனார்கள். 2006-இல் பள்ளியையே மூடி, மிச்சமிருந்த பிள்ளைகளை வேறு பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். தாங்கள் பணம் போட்ட சிறு பள்ளிகள் பலவற்றில் கற்றல் குறிப்பிடும்படி உயரவில்லை என்று 2009-இல் பில் கேட்ஸே தன் ஆண்டுக் கடிதத்தில் ஒப்புக்கொண்டார். கொடுத்தவர் ஒப்புக்கொண்ட தோல்வியை இவர் வெற்றி என்று நம்மிடம் விற்கிறார்.

நியூயார்க்கில் பலன் கிடைத்ததே என்பார். கிடைத்தது, மறுக்கவில்லை. 2002 முதல் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட சிறு உயர்நிலைப் பள்ளிகள் திறக்கப்பட்டன. குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் ஒப்பிட்டபோது, இடம் கிடைத்தவர்களில் கூடுதலானோர் பள்ளிப் படிப்பை முடித்திருந்தார்கள். ஆனால் அந்தப் பள்ளிகள் எப்படித் திறக்கப்பட்டன? ஆசிரியர்களும் உள்ளூர் அமைப்பும் சேர்ந்து திட்டம் எழுதித் தர வேண்டும். யாருக்காக இந்தப் பள்ளி, யார் கற்பிப்பார்கள், கூட்டாளி அமைப்பு என்ன செய்யும் என்று விளக்க வேண்டும். போட்டியிட்டு, பரிசீலனையில் தேறிய பிறகே அனுமதி. கட்டுரையாளர் எதைக் குற்றம் என்கிறாரோ, அந்தக் கேள்விகளைக் கேட்டுத்தான் நியூயார்க் தேறியது.

கேட்காத ஊர் நியூ ஜெர்சி மாநிலத்து நியூவார்க். 2010-இல் ஃபேஸ்புக்கின் மார்க் சக்கர்பெர்க் அந்த ஊர்ப் பள்ளிகளைச் சீர்திருத்த 10 கோடி டாலர் தருவதாக ஓப்ரா வின்ஃப்ரேயின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அறிவித்தார். தங்கள் பிள்ளைகளின் பள்ளிகள் மாறப்போகின்றன என்ற சேதி பெற்றோர்களுக்கே தொலைக்காட்சி வழியாகத்தான் வந்தது. அந்தத் திட்டத்தில் ஆலோசகர்களுக்கு மட்டும் 2 கோடி டாலருக்கு மேல் போனதை பத்திரிகையாளர் டேல் ருசகாஃப் விரிவாக எழுதியிருக்கிறார். ஊர் தன் பதிலை வாக்குச்சீட்டில் சொன்னது. சீர்திருத்தத்தை எதிர்த்து நின்ற ராஸ் பராகா 2014-இல் மேயரானார். அவர் அதே ஊரின் உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்கு முதல்வராக இருந்தவர்.

அமெரிக்கா வரை போவானேன்? 2024-இல் சென்னை அசோக் நகர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்குள் ஓர் அறக்கட்டளையின் பேச்சாளர் தன்னம்பிக்கை உரை நிகழ்த்த அழைக்கப்பட்டார். முற்பிறவிப் பாவத்தால்தான் ஒருவர் ஊனத்தோடு பிறக்கிறார் என்று மாணவிகளிடம் பேசினார். பார்வை மாற்றுத்திறனாளியான ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து எதிர்த்ததால்தான் வெளி உலகுக்கு அது தெரிந்தது. தலைமையாசிரியை இடமாற்றம் செய்யப்பட்டார். அதே ஆண்டு கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் நடந்த போலி என்.சி.சி. முகாம் இன்னும் கொடியது. பயிற்சியாளர் என்று உள்ளே வந்தவர் மாணவியைப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கில் கைதானார். நீங்கள் உண்மையிலேயே என்.சி.சி.தானா என்று வாசலில் ஒருவர் கேட்டிருந்தால் அந்தக் குழந்தைக்கு அது நேர்ந்திருக்காது. கேட்கிறவர் பிள்ளைகளின் எதிரி என்று எழுதிய கை, இதையும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

அரசிடம் பணம் இல்லை என்பது அவருடைய கடைசி ஆயுதம். பி.எம்.ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் மாநில அரசு கையெழுத்திடவில்லை என்பதற்காக, பள்ளிக் கல்விக்கு வர வேண்டிய 2024–25-க்கான சமக்ர சிக்ஷா நிதியில் ஏறத்தாழ 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்குத் தராமல் நிறுத்தியது. நம் பிள்ளைகளுக்கு உரிமையாக வர வேண்டிய பணம் அது. அதைக் கேட்டு ஒரு வரி எழுதாதவர், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) பணத்துக்காகப் பள்ளிகளைக் கைகட்டி நிற்கச் சொல்கிறார்.

வெளியிலிருந்து உதவியே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆய்வகம் கட்டித் தரும் முன்னாள் மாணவர்களும், மாலையில் வந்து கணக்கு சொல்லித் தரும் பொறியாளர்களும் நம் பள்ளிகளுக்கு வேண்டும். ஆனால் என்ன தேவை என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழு கூடி முடிவு செய்ய வேண்டும். வருகிற அமைப்பு அந்தக் குழுவின் முன் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். பெற்றோர்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட அந்தக் குழுவைக் கட்டுரையாளர் ஓரிடத்தில்கூடக் குறிப்பிடவில்லை.

இன்னொன்றையும் அவர் தொடவே இல்லை. இயற்பியலுக்கு ஆசிரியர் இல்லாத ஒரு பள்ளிக்குத் தொண்டு நிறுவனம் ஒன்று ஆளை நியமித்துச் சம்பளம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் முடிந்ததும் நிறுவனம் கிளம்புகிறது, ஆசிரியரும் கிளம்புகிறார். அரசுப் பணியிடம் அப்போதும் காலியாகவே கிடக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகும் பெண் இயற்பியல் பொதுத்தேர்வுக்கு யாரிடம் படிப்பாள்?