வாயிலில் நின்ற ஓலை

காகிதம் ஒன்று புறப்படுகிறது. தலையில் அரசு முத்திரை. அடியில் நீதிமன்ற எழுத்தரின் கையொப்பம். நடுவே ஒரு மனிதனின் பெயர். "குறித்த நாளுக்குள் வந்து பதில் சொல். வாராவிடில், சொல்வதற்கு உன்னிடம் ஏதுமில்லை என்று கொண்டு தீர்ப்பளிப்போம்" என்கிறது அந்தக் காகிதம். அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஷெரீப்பின் ஆள் காரில் ஏறுகிறான். நகரம் முடிகிறது. தார்ச்சாலை முடிகிறது. செம்மண் தடம் தொடங்குகிறது. அங்கே ஓர் எல்லை. அதற்கு அப்பால் நவஹோ மக்களின் நாடு. அங்கே அந்தக் கார் நின்றாக வேண்டும். காகிதமும் நின்றாக வேண்டும்!

இடம், அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரிசோனா மாநிலத்திலுள்ள அப்பாச்சி கவுண்டி. கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றதோர் ஆட்சிப் பிரிவு. ஷெரீப் அதன் காவல் தலைவர்; நீதிமன்ற ஓலைகளை வீடு தேடிச் சென்று சார்வு செய்யும் வேலையும் அவருடைய அலுவலகத்திற்கு உண்டு. நம் ஊர் அமீனாவும் போலீசாரும் ஒரே தொப்பிக்குள் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கவுண்டியின் பரப்பில் பாதிக்கு மேல் தொல்குடி மக்களின் நிலம். நவஹோ நாடு முழுவதையும் கணக்கிட்டால், மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கும் அதன் பரப்பு சுமார் 70,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கு மேல்!

செவ்விந்தியர் என்று பள்ளிப் பாடத்தில் படித்தோமே, அந்த மக்கள்தாம் இவர்கள். இந்தியாவைத் தேடிப் போய் வழி தவறிய மாலுமி வைத்த பெயர் அது. வழி தவறியவன் அவன். பெயர் இழந்தவர் இவர்கள்! அந்தப் பெயரை நாம் விட்டொழிப்போம். தொல்குடியினர் என்போம்.

"இதென்ன விந்தை! ஒரு நாட்டுக்குள்ளே இன்னொரு நாடா? நீதிமன்றத்தின் ஓலைக்கு எல்லைக் கோடா? கடன்பட்டவன் கோட்டைத் தாண்டி ஒளிந்துகொண்டால் கடன் கொடுத்தவன் கதி என்ன? சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டாமா?" என்று கேட்கின்றனர் சிலர். சமத்துவம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் இளைஞர் சிலரும் தலையசைக்கக்கூடும். அவசரப்படாதீர், தோழர்களே! சமத்துவம் என்ற சொல் யார் வாயிலிருந்து வருகிறது, யாருடைய வீட்டு வாயிலை நோக்கி வருகிறது என்று பார்த்துத் தலையசைப்பதே பகுத்தறிவு.

அந்தக் கோட்டை வரைந்தவர் யார்? தொல்குடியினரா? 1864-ஆம் ஆண்டு அமெரிக்கப் படை நவஹோ மக்களை வளைத்துப் பிடித்தது. நூற்றுக்கணக்கான மைல் தொலைவு அவர்களை நடத்தியே கொண்டு சென்று, போஸ்க் ரெடோண்டோ என்ற இடத்தில் அடைத்தது. நடையிலே மாண்டவர் பலர். அடைப்பிலே மாண்டவர் பலர். 1868-இல் உடன்படிக்கை ஒன்று எழுதப்பட்டது. எஞ்சியோர் தாயகம் திரும்பலாம். அந்த நிலம் அவர்களுக்கே உரியது. ஐக்கிய அரசின் அனுமதி பெற்றோர் தவிர வேறெவரும் அதற்குள் நுழையவும் தங்கவும் கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று. நெடுநிலத்தைப் பறித்துக்கொண்டு, மிஞ்சிய நிலத்துக்கு வெள்ளை அரசே போட்ட வேலி அது. போட்டவனே இன்று வந்து, "வேலி ஏன்?" என்று கேட்கிறான்!

காகிதத்தின் கதையைப் பேசும்போது இன்னொரு காகிதத்தையும் மறவாதிருப்போம். 1832-இல், செரோக்கி மக்களின் நிலத்தில் ஜார்ஜியா மாநிலத்தின் சட்டத்திற்கு வலிமை இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. பயன்? 1838-இல் படை வந்தது. துப்பாக்கி முனையில் செரோக்கியர் விரட்டப்பட்டனர். தொல்குடியை அழைக்கும் காகிதத்திற்குக் குதிரை உண்டு, கார் உண்டு, காவலர் உண்டு. தொல்குடியைக் காக்கும் காகிதத்திற்கு மட்டும் கால் முளைக்கவில்லை!

இனி, கடன்காரன் ஒளிந்துகொள்கிறான் என்ற வாதத்திற்கு வருவோம். நவஹோ நிலத்துக்குள் கடை வைத்திருந்தார் ஒரு வெள்ளை வணிகர். நவஹோத் தம்பதியருக்குக் கடனாகப் பொருள் விற்றார். பணம் வரவில்லை என்று அரிசோனா மாநில நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். மாநில நீதிமன்றங்கள் வணிகர் பக்கம் நின்றன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வில்லியம்ஸ் எதிர் லீ என்ற அவ்வழக்கில் 1959-இல் தீர்ப்பு வந்தது. தொல்குடி நிலத்தில் நடந்த கொடுக்கல் வாங்கலைத் தொல்குடி நீதிமன்றமே விசாரிக்க வேண்டும். மாநிலம் தலையிட்டால், தமக்குத் தாமே சட்டம் வகுத்துக்கொண்டு வாழும் அம்மக்களின் உரிமை குலையும் என்றது நீதிமன்றம்.

கவனியுங்கள்! கடனைக் கொடுக்க வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. கணக்கை யார் முன் வைத்துப் பேசுவது என்பதே கேள்வி. விற்ற இடம் அவர்களுடைய மண். வாங்கிய கை அவர்களுடைய கை. இலாபம் தந்த கூட்டம் அவர்களுடைய கூட்டம். வழக்குக்கு மட்டும் அவர்களுடைய நீதிமன்றம் ஆகாதாம்! காசு செல்லும், நீதி செல்லாது என்றால் அந்த வணிகத்திற்கு என்ன பெயர்?

அரிசோனாவின் உச்ச நீதிமன்றமே 1976-இல் இன்னும் ஒரு படி சென்றது. குழந்தைக்குத் தந்தை யார் என்பது பற்றிய வழக்கு. இன்று டொஹோனோ ஓடம் என வழங்கும் பாபகோ மக்களின் நிலத்துக்குள் ஒரு துணை ஷெரீப் நுழைந்து, ஓலையைச் சார்வு செய்துவிட்டார். அந்தச் சார்வு செல்லாது என்றது நீதிமன்றம். எல்லைக்குள் அவருடைய கைக்கு அதிகாரம் இல்லை என்பதே காரணம்.

"பார்த்தீர்களா! பாதிக்கப்படுவது ஒரு தாயும் குழந்தையும் அன்றோ?" என்று உடனே கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நழுவ மாட்டோம். கைவிடப்பட்ட தாய்க்கு ஓராண்டுத் தாமதம் என்பது ஓராண்டுப் பசி. ஆகவே ஓலை சேரத்தான் வேண்டும். ஆனால் சேரும் வழி, வேலியை உடைப்பதா, வாயிலைத் தட்டுவதா? தொல்குடி நீதிமன்றத்தின் இசைவைப் பெற்று, தொல்குடிக் காவலர் கையால் ஓலையைச் சேர்ப்பிக்கும் வழி உண்டு. ஷெரீப்பும் தொல்குடிக் காவல் துறையும் ஒப்பந்தம் செய்துகொண்டு ஒருவர்க்கொருவர் அதிகாரம் வழங்கிக்கொண்ட இடங்களும் உண்டு. பிள்ளைகளின் பராமரிப்புத் தொகை பற்றிய ஆணைகளை மாநிலமும் தொல்குடியும் ஒன்றையொன்று மதித்து நிறைவேற்ற வேண்டும் என்று 1994-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வாயிலும் இருக்கிறது, தாழ்ப்பாளும் திறக்கும். தட்டுவதற்குத்தான் சிலருடைய கை கூசுகிறது.

தட்டினால் திறக்கும் என்பதற்குச் சான்று வேண்டுமா? நெவாடா மாநிலத்தின் வேட்டைக் காவலர்கள், காட்டாட்டைக் கொன்றதாக ஐயுற்று, பாலன் தொல்குடி நிலத்திலிருந்த ஒருவர் வீட்டைச் சோதிக்க விரும்பினர். தொல்குடி நீதிமன்றத்தின் அனுமதியோடு இரண்டு முறை சோதித்தனர். தேடிய ஆட்டின் தலை கிடைக்கவில்லை. கேட்ட அனுமதி மட்டும் தடையின்றிக் கிடைத்தது! வீட்டுக்காரர் வழக்குத் தொடுத்தார். 2001-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன? மாநிலத்தின் அதிகாரம் தொல்குடி எல்லையோடு நின்றுவிடுவதில்லை. நிலத்துக்கு வெளியே நடந்த குற்றம் பற்றிய ஆணை உள்ளேயும் செல்லும் என்றது. 2022-இல் மீண்டும், தொல்குடி நிலமும் மாநிலத்தின் ஒரு பகுதியே என்று, நால்வர் மறுக்க ஐவர் எழுதினர். அனுமதி கேட்டவனுக்குக் கதவு திறந்தது. அதற்குப் பரிசாகக் கதவையே பெயர்த்தெடுக்கிறார்கள். வேலி சிறுகச் சிறுக அரிக்கப்படுகிறது. அதனாலேயே இதைப் பேசுகிறோம்.

வேலியைப் பெயர்த்தால் என்ன நடக்கும்? ஊகிக்க வேண்டியதில்லை. 1953-இல் பொதுச் சட்டம் 280 என்று ஒன்றைக் கொணர்ந்தனர். ஐந்து மாநிலங்களில், சில தொல்குடிகள் நீங்கலாக, மாநில நீதிமன்றங்களின் அதிகாரம் தொல்குடி நிலத்திற்குள் நுழைந்தது. தொல்குடியினரின் ஒப்புதலைக் கேட்டார்களா? இல்லை. கையொப்பமிட்ட குடியரசுத் தலைவர் ஐசனோவரே அந்தக் குறையைச் சொல்லி வருந்தினார்; வருந்திக்கொண்டே கையொப்பமிட்டார்! ஒப்புதல் வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது 1968-இல்தான்.

அந்தச் சட்டம் புகுந்த மின்னசோட்டா மாநிலத்தில், இட்டாஸ்கா கவுண்டியில், ஓஜிப்வே குடும்பம் ஒன்றின் வீட்டுக்கு 1972-இல் ஒரு காகிதம் வந்தது. இழுத்துச் செல்லும் வண்டிவீடு அது. அதற்கு வரி, 147 டாலர் 95 சென்ட். நீதிமன்றம் நுழைந்த வழியே வரித்தண்டலும் நுழைந்துவிட்டது! குடும்பம் பணியவில்லை. வழக்காடியது. 1976-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிற்று: நீதிமன்ற அதிகாரம் தந்த சட்டம், வரி விதிக்கும் அதிகாரத்தைத் தரவில்லை. ஓலை மட்டும்தானே வருகிறது, வந்தால் என்ன என்று கேட்போர் இந்தக் கதையைப் படிக்கட்டும். ஓலைக்குப் பின்னே ஓராள் வருவான். அவன் கையில் இரசீதுப் புத்தகம் இருக்கும்.

ஓலை சேர்ப்பதில் இவர்களுக்கு உண்மையிலேயே எவ்வளவு அக்கறை என்பதையும் பார்த்துவிடுவோம். சார்வு எதற்காக? ஒருவனைப் பற்றி முடிவு எடுக்கும் முன் அவனுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதற்காக. உண்மையாகவே தெரிவிக்க விரும்புகிறவன் எப்படி முயல்வானோ அப்படி முயல வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 1950-இல் கூறியிருக்கிறது. நவஹோ நாட்டிலோ தெருப் பெயரும் கதவு எண்ணும் இல்லாத வீடுகள் ஏராளம். கடிதம் வருவது தொலைவிலுள்ள அஞ்சலகப் பெட்டிக்கு. ஊர் அறிந்த காவலருக்கே வீடு தெரியும். வெளியிலிருந்து வருபவன் கதவில் ஒட்டிவிட்டேன் என்று எழுதிக்கொண்டு போனால், எந்தக் கதவு என்று கேட்பார் யார்?

சவுத் டகோட்டா மாநிலத்தின் பென்னிங்டன் கவுண்டியில் நடந்ததைக் கேளுங்கள். தொல்குடிப் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து அகற்றப்பட்டனர். அகற்றிய 48 மணி நேரத்திற்குள் விசாரணை. அவற்றில் பல ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. பெற்றோர் நீதிமன்றத்திலேயே, கண்ணெதிரே நின்றனர். ஆயினும் குற்றச்சாட்டு அடங்கிய மனுவை அவர்கள் கையில் கொடுக்கவில்லை என்று 2015-இல் கூட்டரசு நீதிபதி ஒருவர் கண்டறிந்து கூறினார். 2018-இல் மேல்முறையீட்டு மன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது. மாநில வழக்குகளில் கூட்டரசு நீதிமன்றம் தலையிட்டிருக்கக் கூடாது என்பதே அது சொன்ன காரணம்.

கடன் கேட்கும் காகிதம் நூறு மைல் கடந்து சென்றே தீர வேண்டும். பிள்ளையைப் பறிக்கும் காகிதம், எதிரில் நிற்கும் தாயின் கைக்கு ஒரு முழம்கூடக் கடக்க வேண்டியதில்லை! இதுதான் இவர்களின் சமத்துவம். இதுதான் "சட்டம் எல்லோர்க்கும் ஒன்று" என்பதன் பொருள்.

இந்தக் கொடுமை புதிதன்று. 1978-இல் தொல்குடிப் பிள்ளைகள் நலச் சட்டம் வந்தபோது, நூற்றுக்கு 25 முதல் 35 பிள்ளைகள் வரை குடும்பத்தினின்றும் பிரிக்கப்பட்டிருந்ததாக ஆய்வுகள் காட்டின. ஆகவேதான் அச்சட்டம், பெற்றோருக்கும் தொல்குடிக்கும் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பி, அது கிடைத்துப் பத்து நாள் கழியாமல் விசாரிக்கக் கூடாது என்றது. அந்தச் சட்டத்தையும் உடைக்க முயன்றனர். 2023-இல் உச்ச நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது. ஒரு காகிதம் ஒழுங்காகச் சேர்ந்தால் ஒரு குழந்தை தன் மொழியைக் கேட்டு வளரும். காகிதம் சிறியது, அது காப்பது பெரியது.

தொல்குடி ஆட்சி என்றாலே தூயது, பழைமை என்றாலே பெருமை என்று நாம் பூசை செய்ய வரவில்லை. சான்டா கிளாரா என்ற தொல்குடி, வெளியாரை மணந்த பெண்ணின் பிள்ளைகளுக்கு உறுப்புரிமை மறுத்து, வெளியாரை மணந்த ஆணின் பிள்ளைகளுக்கு வழங்கியது. அதில் தலையிட 1978-இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. அந்த விதி அநீதி, தயங்காமல் சொல்கிறோம். அதை எதிர்த்து உள்ளே போராடிய பெண்கள் பக்கமே நாம். ஆனால் வீட்டில் குறை இருக்கிறது என்பதற்காகப் பக்கத்து வீட்டான் சாவியைப் பறித்துக்கொள்ளலாமா? சாவி போன பிறகு, குறையைத் திருத்த வீட்டாருக்கு வீடு ஏது?

ஆகவே நாம் கேட்பது மிகுதியன்று. தொல்குடி நிலத்தில் வாழ்பவனை அழைக்க வேண்டுமா, அவன் மக்கள் அமைத்த நீதிமன்றத்தின் வழியே அழையுங்கள். அவர்களின் நீதிமன்றம் அனுப்பும் ஓலையை உங்கள் நகரத்திலும் மதியுங்கள். தாமதம் ஆகிறதா? அவர்களின் நீதிமன்றத்துக்கு எழுத்தரையும் காவலரையும் அமர்த்தப் பணம் கொடுங்கள். உடன்படிக்கையில் கையொப்பமிட்ட அரசின் கடமை அது.

காவலன் வருகிறான்; கையில் ஓலை; எதிரே கதவு. உதைத்துத் திறந்தால் அவனைப் படையெடுத்து வந்தவன் என்போம். தட்டிவிட்டுக் காத்திருந்தால் அவனை நீதியின் தூதன் என்போம். இரண்டுக்கும் இடையே உள்ளது ஒரு தட்டு, அவ்வளவே! அந்த ஒரு தட்டுக்குள் ஒரு மக்களின் மானம் அடங்கியிருக்கிறது, தோழர்களே!