விட்ட இடம் எது?

தோழனே!

பூவிருந்தவல்லியைக் கடந்து மேற்கே செல்லும் பெருஞ்சாலையில் இருக்கிறது திருமழிசை. ஜெகந்நாதப் பெருமாளுக்கும் ஒத்தாண்டீசுவரருக்கும் கோயில் கொண்ட ஊர். அவ்வூரில் பிறந்து, பிரம்பறுக்கும் எளிய குடியில் வளர்ந்தவர் திருமழிசை ஆழ்வார் என்பது வைணவ மரபு. ஒருநாள் பெரும்புலியூரில் அவர் ஒரு திண்ணையில் அமர்ந்தாராம். அங்கே வேதம் ஓதிக்கொண்டிருந்தோர், இவர் செவியில் விழலாகாதென்று வாய் மூடினராம். அவர் எழுந்து அகன்றதும் மீண்டும் ஓத முனைந்தனர். விட்ட இடம் நினைவுக்கு வரவில்லை! விலக்கப்பட்டவரே கருநெல் ஒன்றை நகத்தால் பிளந்து குறிப்புக் காட்டினார் என்கிறது கதை. நம்புவதும் நம்பாததும் உன் விருப்பம். ஆனால் அந்தத் திண்ணை இன்று நம் அரசியலில் இல்லையா?

மாமன் ஒரு கொடி, மைத்துனன் ஒரு கொடி. அதனால் திருமணத்துக்குப் போகக்கூடாது, இழவுக்கும் நிற்கக்கூடாது! 2017 பிப்ரவரியில், முதலமைச்சராயிருந்த ஓ. பன்னீர்செல்வம் மீது சொந்தக் கட்சியார் சாட்டிய குற்றங்களுள் ஒன்று, சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் மு.க. ஸ்டாலினைப் பார்த்துச் சிரித்தார் என்பது. சிரிப்பும் குற்றமாம்!

1914 கிறிஸ்துமஸ் நாளில் ஆங்கிலேய, ஜெர்மானிய வீரர்கள் பதுங்கு குழிகளை விட்டு வெளியேறிக் கைகுலுக்கினர், புகையிலையைப் பகிர்ந்தனர். தளபதிகள் சினந்து தடை விதித்தனர். அவர்கள் கணக்கு அவர்களுக்கு: கைகுலுக்கியவனைச் சுடக் கை எழாது. நாம் யாரைச் சுடப்போகிறோம்? எதிரணியில் நிற்பவனிடம் நாளை வாக்குக் கேட்கப்போகிறவர்கள் அன்றோ!

பழகினால் கொள்கை கரைந்துவிடும் என்பார் உளர். இராஜாஜியின் கல்வித் திட்டத்தை எதிர்த்துப் பெரியார் நடத்திய போர் நாடறியும். அதே இராஜாஜி 1972 டிசம்பரில் மறைந்தபோது, முதுமையிலும் சக்கர நாற்காலியில் சுடுகாடு சென்று கண்ணீர் விட்டார் பெரியார். அவர் கொள்கையில் மயிரிழை குறைந்ததா?

கட்சியின் இரகசியத்தை விற்பவனைத் தண்டிக்கட்டும்; மறுப்பில்லை. ஆனால் தேர்தல் வந்தால் நேற்றைய பகைவரோடு மேடையில் தலைவர்கள் கைகோப்பர். பந்தியில் உட்கார்ந்த கிளைச் செயலாளனுக்கு மட்டும் விளக்கக் கடிதமா?

மாற்றுக் கொடி பறக்கும் வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் போ, தோழனே. கரைவேட்டியோடே போ. பந்தியில் நம்மைப் பற்றி அவர்கள் சொல்லும் குறைகளைக் காது கொடுத்துக் கேள். அடுத்த கிளைக் கூட்டத்தில், ஒன்று விடாமல் எழுந்து நின்று சொல்.