சிறுத்துப்போன கோரிக்கை

கடந்த ஆண்டு மாசி மாதம், வன்னிப் பகுதியிலுள்ள ஒரு பிரதேச செயலகத்தில் நடந்த கூட்டத்துக்கு ஒரு கிராமத்து மாதர் சங்கத்தினரோடு நானும் போயிருந்தேன். தமது முன்பள்ளிக்குத் தண்ணீர்த் தாங்கியும் சிறு பிள்ளைகளுக்கு ஏற்ற மலசலகூடமும் வேண்டும் என்பது அவர்களது கோரிக்கை. ஐந்து பெண்கள் ஆளுக்கொரு பகுதியாக எழுத, சங்கச் செயலாளர் அவற்றை ஒன்றாக்கி, பவர்பொயின்டில் பதினொரு ஸ்லைட்டுகளாகச் செய்து பென்ட்ரைவில் கொண்டுவந்திருந்தார். வெறும் வாயால் சொன்னால் காது கொடுக்கமாட்டார்கள், திரையில் போட்டுக் காட்டினால்தான் மதிப்பு என்பது அவரது எண்ணம். அது பிழையான எண்ணமும் அல்ல.

மூன்றாவது ஸ்லைட் வந்ததும் திரையில் தமிழைக் காணவில்லை. ஆங்கில எழுத்துகளும் இடையிடையே அரைப்புள்ளிகளுமாக ஏதோ ஒன்று நின்றது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அடுத்தடுத்த ஸ்லைட்டுகளில் தமிழ் திரும்பி வந்தது. ஆனால் ஒன்றில் எழுத்து பூசணிக்காய் அளவு, இன்னொன்றில் கடுகு அளவு. ஒரு தலைப்பு சிவப்பு, மற்றது நீலம். செயலாளர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். கூட்டத்தை நடத்திய உத்தியோகத்தர் கோபப்படவில்லை. "அக்கா, இதில எது நீங்கள் கேக்கிறது, எது சும்மா விளக்கம்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. ஏனென்றால் கோரிக்கை இருந்த ஸ்லைட்டில்தான் எழுத்து ஆகச் சிறியதாக இருந்தது. தலைவியின் வாழ்த்துரை மூன்றே வரி, அதுவோ மண்டபத்து வாசலில் நின்றாலும் வாசிக்கலாம்.

மறுநாள் பின்னேரம் எல்லோரும் எமது அலுவலகக் கணினியைச் சுற்றி இருந்து காரணம் தேடினோம். முன்பள்ளி ஆசிரியை ஏழு வருடமாகப் பிள்ளைகளைப் பார்த்து வருபவர். சொல்ல நிறைய இருந்தது, ஒன்பது வரி எழுதியிருந்தார். பெட்டிக்குள் எழுத்து கொள்ளாதபோது பவர்பொயின்ட் தானாகவே அதைச் சுருக்கிவிடும். ஓட்டோபிட் என்று அதற்குப் பெயர். அளவாக எழுதியவரின் எழுத்து 28 இல் நிற்க, நிறைய எழுதியவரின் எழுத்து 20 க்கும் கீழே இறங்கிவிடுகிறது. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. ஆனால் பார்க்கிறவர் கண் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. பெரிய எழுத்து முக்கியம், சிறிய எழுத்து கொசுறு என்றுதான் பத்திரிகையும் விளம்பரமும் எங்களைப் பழக்கியிருக்கின்றன. வேலை செய்தவளின் பக்கம் சிறுத்து, வாழ்த்துச் சொன்னவரின் பக்கம் பெருத்ததைப் பார்த்தபோது, சமூகவியல் வகுப்பில் படித்த சில விடயங்கள் ஞாபகம் வந்தன. தலைவி பக்கத்தில் இருந்ததால் அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

தமிழ் மறைந்ததன் காரணம் வேறு. அந்த ஒரு பகுதியை மட்டும் தட்டச்சுக் கடையில் பாமினியில் அடித்திருந்தார்கள். பாமினியில் கணினிக்குள் பதிவாகி இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். அந்த எழுத்துரு மேலே நின்று அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. நமது மெய்யெழுத்துப் புள்ளிக்கு அதில் அரைப்புள்ளி. செயலகக் கணினியில் பாமினி இல்லை, ஆகவே வேஷம் கலைந்துவிட்டது. மற்றவர்கள் கைத்தொலைபேசியில் எழுதியது யுனிகோட், அதனால் தப்பியது. பாமினிப் பகுதியை யுனிகோடுக்கு மாற்றினோம். மாற்றும்போது இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். இருந்து ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருந்தது. எழுத்துருவாக நிர்மலா யூஐ என்பதைத் தெரிந்தோம். விண்டோஸ் 8 காலத்திலிருந்து அது விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது, தமிழும் சிங்களமும் இரண்டும் அதில் உண்டு. சிங்களம் வாசிக்கும் உத்தியோகத்தர்களுக்காக இரு மொழியிலும் போட்ட தலைப்புகள் ஒரே சாயலில் வந்தன.

அடுத்தது ஸ்லைட் மாஸ்டர். வியூ பட்டியலில் இருக்கிறது. தலைப்பு என்ன அளவு, உள்ளெழுத்து என்ன அளவு, என்ன நிறம் என்று அங்கே ஒருமுறை சொன்னால் எல்லா ஸ்லைட்டும் அதைப் பின்பற்றும். தையல் தெரிந்தவர்களுக்கு விளங்கட்டும் என்று, "இது தாளில வெட்டி வைச்ச அளவு மாதிரி" என்றேன். "மிஸ், தைச்சு முடிச்ச சட்டை, தாளைத் திரும்ப வெட்டினா மாறுமோ?" என்று ஒரு அம்மா கேட்டுவிட்டார். மாறாதுதான். இங்கே மாறுகிறது, அதுதான் இதன் வசதி.

ஆனால் எல்லாம் மாறவில்லை. கையால் அளவும் நிறமும் மாற்றிய இடங்கள் பிடிவாதமாக அப்படியே நின்றன. அந்த ஸ்லைட்டைத் தெரிந்து, ஹோம் பட்டியலிலுள்ள ரிசெட்டை அழுத்தியபோது வழிக்கு வந்தன. தனியாகக் கீறிய எழுத்துப் பெட்டிகள் அதற்கும் அசையவில்லை. அவற்றை அழித்து, ஸ்லைட்டோடு வரும் பெட்டிக்குள்ளேயே எழுதினோம். வேறு இடத்திலிருந்து ஒட்டும்போது "கீப் டெக்ஸ்ட் ஒன்லி" என்பதைத் தெரிந்தால் பழைய அலங்காரம் கூட வராது. இதை முதலே செய்திருந்தால் அரைவாசி வேலை மிச்சம்.

தலைப்புக்கு 36, உள்ளே 28 என்று வைத்தோம். 24 க்குக் கீழே எதுவும் இல்லை. அழுத்திச் சொல்ல ஒரே ஒரு நிறம். ஒன்பது வரிப் பிரச்சினை இனித்தான் வந்தது. 28 இல் அவை கொள்ளவில்லை. சுருங்கட்டும் என்று விட எனக்கு மனமில்லை. ஓட்டோபிட்டை நிறுத்தி, இரண்டு ஸ்லைட்டுகளாகப் பிரித்தோம்: ஒன்றில் இப்போதைய நிலை, மற்றதில் கோரிக்கை மட்டும். ஆசிரியை தனது வசனங்களை வெட்ட விரும்பவில்லை. "ஒவ்வொண்டும் நடந்தது மிஸ்" என்றார். ஆடி, ஆவணியில் கிணறு வற்றும்போது தாய்மார் முறை வைத்துத் தண்ணீர் சுமப்பதை எழுதியிருந்தார். அதைத் திரையிலிருந்து எடுத்து, அவரே வாயால் சொல்வது என்று முடிவானது. வாழ்த்துரையும் 28 க்கு இறங்கியது. தலைவி சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப எனக்கு ஸ்லைட்டே வேண்டாம், நான் எழும்பி நிண்டு சொல்லுறன்" என்றார். கோபமா, யோசனையா என்று இன்னும் எனக்குத் தெரியாது. ஸ்லைட் ஒன்று குறைந்தது.

பங்குனியில் மீண்டும் போனோம். முன்னெச்சரிக்கையாக பிடிஎப் பிரதியொன்றும் பென்ட்ரைவில் இருந்தது, தேவைப்படவில்லை. இந்த முறை எது கோரிக்கை என்று யாரும் கேட்கவில்லை. தாங்கி எத்தனை லீற்றர், யார் பராமரிப்பது, வற்றும் மாதங்களில் எங்கிருந்து நிரப்புவது என்று கேட்டார்கள். கடைசிக் கேள்விக்கு ஆசிரியை பதில் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் சென்றது, யாரும் இடைமறிக்கவில்லை.

தாங்கி வந்துவிட்டது. மலசலகூடத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. செயலாளர் அதற்கு மட்டும் தனியாக ஐந்து ஸ்லைட் செய்துகொண்டிருக்கிறார்.